செவ்வாய்க்கிழமை சலூன்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அதுதான் அவர் பெயரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கடைப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. அது தன் மாமனார் பெயர் என்று என்னிடம் சொன்னார். பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் குலசாமி பெயர் என்று சொல்லியிருந்தார். பலகை எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார், பாவம் என்று விட்டுவிட்டேன் என்று இன்னொருவரிடம். மூன்றுமே பொய்யாக இருக்கலாம். பெரியவர்களிடம் அவர் உண்மை பேசி நான் கேட்டது மிகக் குறைவு.

கடலூர் முதுநகரில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அந்த சலூன் இருந்தது. அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். இடது கைச் சுண்டுவிரலில் நுனி கிடையாது. சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு வங்கி மேலாளரிடம், கப்பலில் வேலை பார்த்தபோது சுறா கடித்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அரைமணி நேரம் கழித்து வந்த வாத்தியாரிடம் அது பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் எந்திரமாகிவிட்டது. "போன வாரம் வேற என்னமோ சொன்னீங்களே" என்று வாத்தியார் மடக்கினார். இவர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, சிரிக்காமல், "அது வேற விரலு சார்" என்றார்.

இந்த மனிதரால்தான் எங்கள் ஆராய்ச்சி பிழைத்தது. அதற்கு முன்னால் கிட்டத்தட்டச் செத்தும் போனது. அதுவும் இவரால்தான்.

நான் அப்போது சிதம்பரத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். குழந்தை ஒரு டேப்லெட்டில் சில விளையாட்டுகள் விளையாடும். அதன் கண் எங்கே போகிறது என்று ஒரு கேமரா பார்க்கும். அம்மாவோ அப்பாவோ எங்களோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும். அவ்வளவுதான். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, சிகிச்சையும் கிடையாது. ஆய்வுக்குக் குடும்பங்களைச் சேர்ப்பது என் வேலை. அந்த ஒரு வேலைதான் நடக்கவில்லை.

முதலில் துண்டறிக்கை அடித்தோம். எங்கள் பேராசிரியை நல்ல தமிழில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டதால், ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே என் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் பேருந்து நிலையங்களில் நின்று விநியோகித்தேன். முதல் அழைப்பு குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தது. ஒரு பெரியவர்.

"எனக்கு மூணு நாளா ஒரே இறுக்கமா இருக்குதும்மா. வாழப்பழம் தின்னு பாத்துட்டேன். உங்ககிட்ட என்னா மருந்து இருக்குது?"

அடுத்த துண்டறிக்கையில் 'ஆட்டிசம்' என்றே போட்டோம். அதற்கு ஒருவர் அழைத்து, ஷேர் ஆட்டோவுக்குக் கடன் உண்டா என்று கேட்டார்.

வீடுகளுக்கும் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே, "எங்க வீட்ல அந்த மாதிரி யாரும் இல்லிங்களே" என்பார்கள். உள்ளே ஒரு குழந்தை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சத்தம் கேட்கும். அவர்களும் கேட்காத மாதிரி நிற்பார்கள். நானும் கேட்காத மாதிரி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். மழைக்காலத்துக்குள் ஆள் சேராவிட்டால் திட்டத்தை மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. திட்டம் மூடினால் என் வேலையும் போகும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறப்புப் பள்ளி. அங்கே ஒருநாள் துண்டறிக்கைக் கட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். வரிசையில் போன குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரி கிராப்பு. பின்பக்கம் அழகாக வெட்டியிருக்கும். காதைச் சுற்றி மட்டும் ஒரு விரலளவுக்குக் கத்தரியே படாமல் முடி நின்றிருக்கும். ஏதோ கட்சிச் சின்னம் மாதிரி. கூட்டிப்போக வந்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"இவன் தலையில கைய வச்சாலே கத்துவான் மேடம். நாலு பேரு புடிச்சாலும் அடங்கமாட்டான். முதுநகர்ல ஒரு அண்ணன் இருக்காரு. அவருகிட்ட மட்டும்தான் வெட்டிக்குவான். செவ்வாக்கெழம போகணும்."

ஊரில் எல்லா சலூனுக்கும் செவ்வாய் விடுமுறை. நான் போன செவ்வாயன்று இவர் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் வந்த ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கரப்பானுக்கு மருந்து அடிச்சிருக்குது சார். உள்ள வந்தீங்கன்னா மயக்கம் போட்டுடும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். நான் மருந்து நாற்றம் எதுவும் வராததால் குனிந்து நுழைந்தேன்.

மின்விசிறி ஓடவில்லை. ரேடியோ இல்லை. சுவரை அடைத்த கண்ணாடியின் மேல் ஒரு பழைய போர்வை தொங்கியது. சுழல் நாற்காலியைப் பயன்படுத்தாமல், மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் சுவரைப் பார்த்து ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் இவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்காதுடா செல்லம். அங்கிள் சும்மா தடவிக் குடுப்பாரு" என்றாள் பையனின் அம்மா.

இவர் கையை இறக்கிவிட்டார். "சும்மா தடவமாட்டேன் தம்பி. வெட்டுவேன். கழுத்துல முடி வுழும். அரிக்கும். அப்பறம் தொடச்சி வுடுவேன். பத்து வெட்டு. எண்ணிக்க."

பையன் விரல் மடக்கி எண்ணினான். பத்தாவது வெட்டில் கத்தரி கீழே போனது.

"அண்ணே, இந்தப் பக்கம் ஒரே ஒரு கொத்து நட்டுக்கினு நிக்குதுண்ணே. ஒரு வெட்டுதான்."

"பத்துன்னுதாம்மா சொன்னேன்."

"நாளைக்கு எங்கொழுந்தனாருக்குக் கல்யாணம்ணே! எல்லாரும் வருவாங்க."

"மாப்பிள இவன் இல்லியே."

அந்தக் கொத்தோடுதான் பையன் கல்யாணத்துக்குப் போனான். எல்லாப் புகைப்படத்திலும் அது ஆன்டெனா மாதிரி நிற்கிறது என்று அவன் அம்மா பிறகு என்னிடம் காட்டினாள். ஆனால் அடுத்த செவ்வாய் அவனாகவே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததையும் சொன்னாள்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு என் துண்டறிக்கையைக் கொடுத்தேன். அதில் ஒரு குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் படம். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஏன் இப்புடி ஒக்காந்துருக்குது?"

"அது சும்மா ஒரு படம்ணே. நெட்ல எடுத்தது."

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்குது. காரியத்துக்குத் தேதி மட்டுந்தான் போடல. இத்தப் பாத்துட்டு எந்தப் பெத்தவன் வருவான்?" என்றவர், "சரி, குடுத்துட்டுப் போ டீச்சரம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நான் டீச்சர் இல்லண்ணே."

"செருப்ப வெளியில வுட்டுட்டு சலூனுக்குள்ள வர்றது வேற யாரு?"

நான் விதிமுறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாரையும் வற்புறுத்தக் கூடாது. ஆசை காட்டக் கூடாது. தாளை மட்டும் கொடுக்க வேண்டும். விருப்பமிருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், கத்தரியைத் தொட்டு, "சத்தியமா" என்றார்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாளில் என் கைபேசி சூடாகிவிட்டது. அண்ணாகிராமத்திலிருந்து, லால்பேட்டையிலிருந்து, வடலூரிலிருந்து அழைப்புகள். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் எடம் இருக்குதா மேடம்?" நான் வாயெல்லாம் பல்லாக, "இருக்குது, வாங்க" என்றேன். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று பேராசிரியையிடம் போய்ப் பெருமையடித்தேன்.

பிறகு நேரில் வரத் தொடங்கினார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு தாத்தா, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு துறை வாசலில் நின்றார். அவர் வீட்டு வாசலில்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த மாதிரி யாரும் இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எங்க பேரனுக்கு அது நல்லாவே இருக்குது மேடம். மத்த புள்ளைங்களவுட ஜாஸ்தியாவே இருக்குது. பாத்து எடுத்துக்கணும்" என்றார்.

வடலூர் குடும்பம் ஒன்று கவுன்சிலரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தது. அண்ணாகிராமத்துக்காரர் ஒருவர், ஒன்பது வயது மகள் கவிநயாவை ஒரு கையிலும், சாக்கில் கட்டிய பலாப்பழத்தை இன்னொரு கையிலும் பிடித்தபடி பேருந்திலிருந்து இறங்கி நடந்தே வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் பழத்தைப் பேராசிரியையின் அறை வாசலில் வைத்துவிட்டார். இரண்டு நாளில் அது பழுத்துத் துறை முழுக்க மணந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். அது உறுதியானது லால்பேட்டையிலிருந்து வந்த ஷமீமாவால்.

ஷமீமாவுக்கு முப்பது வயதிருக்கும். மகன் யாசினுக்கு ஏழு. அவன் இன்னும் பேசவில்லை. படிவத்தை நான் எடுப்பதற்குள் அவள் கேட்டாள்: "இவன் பேசறதுக்கு எத்தினி நாளு ஆவும் மேடம்?"

"இதுல சிகிச்சை எதுவும் இல்லிங்களே. யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எடம் கம்மி, சென்னையிலேருந்து பெரிய டாக்டரு வர்றாங்க, சிபாரிசு இல்லாம சேத்துக்க மாட்டாங்கன்னு சலூன் அண்ணன் சொன்னாங்க. எடமே கெடைக்கலன்னா வைத்தியம் நல்ல வைத்தியமாத்தான் இருக்கும்னு நாங்களா நெனச்சிக்கிட்டோம். துபாய்ல இருக்கற இவன் அத்தாவுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

நான் அவளிடம் அதற்கு மேல் விளக்கவில்லை. தப்பு அது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பொய்யக் கேட்டு வந்தவங்க கையெழுத்துப் போட்டா அது சம்மதமே இல்ல. அந்த லிஸ்ட்ட கிழிச்சிப் போடு. ஒருத்தரையும் சேக்கக்கூடாது. திட்டம் போனா போவட்டும்." அதற்கப்புறம், "அந்தப் பழத்தையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

அடுத்த பேருந்தில் கடலூர் போனேன். சனிக்கிழமை மாலை, கடை நிறைய ஆள். எல்லோர் முன்னாலும் சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார்.

"அட, நீ வாசல்ல போயி கூப்ட்டே, கதவச் சாத்துனாங்க. நான் எடம் இல்லன்னு சொன்னேன், கதவ ஒடச்சிக்கினு வர்றாங்க. என்னா நஷ்டம் ஒனக்கு?"

"யாசின் எப்பப் பேசுவான்னு அவன் அம்மா எங்கிட்ட கேக்கறாங்கண்ணே. வெளிநாட்டுல இருக்கற அவன் அப்பாவுக்கும் சொல்லிட்டாங்களாம்."

சிரிப்பு நின்றது. பாதி சவரத்தில் இருந்தவரின் தாடையில் கத்தி அப்படியே நின்றது. யாசினை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பையன் அவர் கடைப் படியில் உட்காரவே மூன்று வாரம் ஆனதாம். உள்ளே வர இன்னும் மூன்று.

"நான் கொணமாவும்னு ஒரு வார்த்த சொல்லல" என்றார்.

"சொல்லல. ஆனா அவுங்க கேட்டது அதத்தான்."

அவர் அந்தச் சவரத்தை முடித்தார். துண்டை உதறினார். பிறகு, காத்திருந்தவர்களைப் பார்த்து, "நாளைக்குக் கடை லீவு" என்றார்.

"ஞாயித்துக்கெழமயா? ஏன்?" என்றார் ஒருவர்.

"அத்தைக்கு அறுவதாம் கல்யாணம்" என்றார். அந்த வேகத்தில்கூட அவரால் பெரியவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

சலூன்காரருக்கு ஞாயிறு எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஞாயிறுகள் அவர் கடையை மூடினார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சொந்தக்காரருக்குக் கல்யாணம் நடந்தது. நாங்கள் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சந்தித்து, பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். என்னோடு வந்து அவரே உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைக் கேட்டபிறகு, ஒரு வாரம் யோசித்து, தாமாக அழைப்பவர்களை மட்டும் சேர்க்கலாம் என்று பேராசிரியையிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன்.

முதலில் லால்பேட்டை. அன்றைக்குப் பேருந்தில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் விரலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "தெரியலிங்க" என்றார்.

ஷமீமா நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேம்மா. எடமெல்லாம் நெறைய இருக்குது. சென்னை டாக்டரு யாரும் வரல. மருந்து கெடையாது. அதுல சேந்தாலும் சேரலன்னாலும் பையன் இப்ப இருக்கற மாதிரிதான் இருப்பான்."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வாசலில் யாசின் ஒரு செருப்பைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்; அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா அண்ணே இப்புடிப் பண்ணிட்டீங்க" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். "ரெண்டு வாரமா நான் தூங்கவே இல்ல, சந்தோசத்துல. நாங்க வரல. போங்க."

"வராதம்மா. அதான் சரி" என்று அவர் படியிறங்கிவிட்டார்.

நானும் எழுந்தேன். அவள் என்னை நிறுத்தினாள். "அப்ப எதுக்குத்தான் இத்தப் பண்றீங்க? எங்களுக்கு என்னா கெடைக்கும்?"

"ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க. யாசின் மாதிரிப் புள்ளைங்கள நாங்க புரிஞ்சிக்கணும். வருங்காலத்துல யாருக்காவது உதவலாம், உதவாமயும் போகலாம். யாசின் கொஞ்ச நேரம் வெளையாடுவான். நீங்க பேசறத நாங்க கேப்போம்."

"எவ்ளோ நேரம் கேப்பீங்க?"

"ஒரு மணி நேரம்."

"முழுசா? நடுவுல போன் வந்தா எடுக்கமாட்டீங்களே?"

"மாட்டோம்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பும்போது பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மற்ற வீடுகளில் ஏச்சு விழுந்தது. குறிஞ்சிப்பாடித் தாத்தா, "அப்ப எம்பேரன் பாஸாவலியா?" என்று மட்டும் கேட்டார். வடலூர்க் குடும்பம் வரவே முடியாது என்றது. கடைசியாக அண்ணாகிராமம். பலாப்பழம் கொண்டு வந்தவர் முந்திரித் தோப்பில் வேலையாக இருந்தார். இவர் இப்போது மனப்பாடமாகிவிட்ட பாவமன்னிப்பை ஒப்பித்தார். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"மாமா, நீ சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா? அப்பறம் எதுக்குப்பா பழத்தச் செமந்துக்கினு போன?"

"மரத்துல காய்ச்சி இருந்துது. கொண்டாந்தேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இந்தாளு எங்கிட்ட எதச் சொன்னாலும் நான் பாதிதான் எடுத்துக்குவேன் மேடம். ஆனா எம்பொண்ணுகிட்ட ஒரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல. நாங்களே சொல்லியிருக்கோம், இவரு சொன்னதில்ல. இவரு அனுப்புன எடத்துல அதுக்கு ஒண்ணும் கெடுதல் வராதுன்னுதான் வந்தேன். இப்பவும் வருவேன்."

இவர் சட்டைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி தேடினார். பையில் ஒன்றும் இல்லை.

ஒரு வாரத்தில் முதல் அழைப்பு வந்தது. யார் என்று நினைக்கிறீர்கள்? ஷமீமா.

"வர்றோம். ஆனா சலூன் அண்ணனும் வரணும். அவரு இல்லன்னா இவன் ரூமுக்குள்ளயே வரமாட்டான்."

அந்தச் செவ்வாய் அவர் எங்கள் ஆய்வு அறைக்கு வந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்து, குழந்தை உயரத்திலிருந்து நாலு பக்கமும் பார்த்தார். "இந்த டியூப் லைட்டு ஊன்னு சத்தம் போடுதே, ஒங்களுக்குக் கேக்கலியா?" என்றார். எங்களுக்குக் கேட்டதே இல்லை. அதை அணைத்தோம். பிறகு யாசினிடம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "பெரிய முள்ளு இந்த மூணுக்கு வர்ற வரைக்கும். கால் மணி நேரம். அப்பறம் வூட்டுக்கு." யாசின் கடிகாரத்தைப் பார்த்தான், டேப்லெட்டைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

பேராசிரியையே முன்னால் உட்கார்ந்து நடத்தினார். நன்றாகத்தான் போனது. அவ்வளவு ஒத்துழைப்பான் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. முள் மூன்றைத் தொட்டபோது இரண்டு விளையாட்டுகள் மிச்சமிருந்தன.

"மேடம், ஆயிடுச்சி" என்றார் இவர், கதவுப் பக்கமிருந்து.

"ரெண்டே ரெண்டு. அஞ்சு நிமிஷம். அவன் நல்லாத்தானே இருக்கான்."

"நல்லாத்தான் இருக்கான். ஆனா கால் மணின்னு சொல்லிட்டோம்."

"இத முடிக்கலன்னா மத்ததெல்லாம் வீண். உங்களுக்கு இது புரியாது."

"எனக்குப் புரியாதுதான். அவனுக்கு மணி பாக்கத் தெரியும்."

பேராசிரியையோடு அப்படிப் பேசி யாரும் அந்தக் கட்டடத்தில் மிஞ்சியதில்லை. யாசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேராசிரியையும் திரும்பி அவன் பார்ப்பதைப் பார்த்தார். டேப்லெட்டை எடுத்து உறையில் போட்டு மூடினார்.

"சொன்ன நேரம் முடிஞ்சிடுச்சி யாசின். வீட்டுக்குப் போலாம்" என்றார்.

ஷமீமா எங்களோடு பேசியது ஒரு மணி நேரமில்லை. இரண்டரை மணி நேரம். பேராசிரியை கைபேசியைத் தொடவில்லை. அடுத்த வாரம் யாசின் தன் அம்மாவை முந்திக்கொண்டு அறைக்குள் நுழைந்து, தானே அந்த உறையைத் திறந்து டேப்லெட்டை வெளியே எடுத்தான்.

அதற்கப்புறம் நான் பேருந்து நிலையத்தில் நிற்கவில்லை. துண்டறிக்கையும் அடிக்கவில்லை. 'சொன்ன நேரத்துக்கு வுட்டுடறாங்க, நாம பேசறதக் காதுல வாங்கறாங்க' என்று அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மழை தொடங்கிய வாரத்தில் கணக்கு நிறைந்தது. வடலூர்க் குடும்பம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அது அவர்கள் உரிமை.

ஆய்வு முடிந்து நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் இதே ஆள் சேர்க்கும் வேலைதான். கடலூர்ப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் வரமாட்டேன். சுண்டுவிரலுக்கு மேலும் நான்கு கதைகள் கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனபோது ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம், அதனால் மூடிவிட்டாராம். எதிரிலிருந்த டீக்கடைக்காரர் மறுத்தார். லாட்ஜ் ஒன்றில் பங்கு போட்டிருக்கிறாராம், இனிமேல் கத்தரி பிடிக்க வேண்டிய அவசியமில்லையாம். சிரித்துக்கொண்டே அவரைக் கைபேசியில் அழைத்தேன். "துபாய்ல எம்பொண்ணு கூப்புடறா. டிக்கெட்டு போட்டாச்சி" என்றார்.

அதே வாரம் பண்ருட்டியில் ஒரு முகாமில் கவிநயாவைப் பார்த்தேன். நன்றாக வளர்ந்திருந்தாள். அவள் தானாக அதிகம் பேசமாட்டாள். யாராவது சொன்னதை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, சொன்ன குரலிலேயே சொல்வாள். அவள் தலைமுடி சீராக இல்லாததைப் பார்த்து, "சலூன் அங்கிள்கிட்ட போகலியா?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல், அவருடைய கரகரத்த குரலிலேயே சொன்னாள்:

"அங்கிளுக்குக் கை நடுங்குது பாப்பா. நரம்புல கோளாறு. நாளாக நாளாக ஜாஸ்தியாவும். கத்தரி ஒங் காதுல பட்டுடும். அதனால இன்னியோட அங்கிள் வெட்டமாட்டேன். அப்பா வெட்டுவாரு. மொதல்ல நல்லா இருக்காது."

மிச்சத்தை அவள் அப்பா சொன்னார். செவ்வாய்க்கிழமைக் குழந்தைகள் எல்லோரையும் ஒவ்வொருவராக வரவழைத்து, ஸ்டூலில் உட்கார வைத்து, இதே மாதிரி சொன்னாராம். "எங்ககிட்ட துபாய்னுதான் சொன்னாரு" என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்திருந்தார். மகள் வேலை பார்க்கும் இடம், அவள் வீடு இருக்கும் மாடி, அங்கே வெயில் அடிக்கும் விதம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். பன்னிரண்டாவது மாடியாம். நான் எல்லாவற்றுக்கும் 'அப்படியா, அப்படியா' என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு மகளே கிடையாது.

"அங்கேருந்து எனக்கு என்னா வாங்கி அனுப்புவீங்கண்ணே?"

"பேரீச்சம்பழம் டீச்சரம்மா. நல்ல ஒசத்தியா."

ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு டப்பா பேரீச்சம்பழம். 'துபாய்' என்று மேலே பேனாவால் எழுதியிருந்தது, கோணல்மாணலாக. டப்பாவைத் திருப்பினேன். அடியில் லால்பேட்டைக் கடை ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தெடுக்க அவர் ரொம்ப நேரம் முயன்றிருக்க வேண்டும். ஓரமெல்லாம் நகம் பட்டுப் பட்டுச் சுரண்டியிருந்தது; கடையின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

அன்றைக்கே அவரை அழைத்து, துபாயில் வெயில் எப்படி என்று கேட்டேன்.